தாந்தீன் தூங்காத நான்கு ஞாயிறுகள்

என் கணக்கில் பதினேழு ஜோடி. என் மனைவி பதினெட்டு என்கிறாள். அவள் சேர்த்துச் சொல்லும் அந்தக் கடைசி ஜோடி வந்த அன்று மின்சாரம் போய்ப் படம் பாதியில் நின்றுவிட்டது. அதை எப்படிச் சேர்ப்பது? ஆகவே பதினேழு. கல்யாணம் நிச்சயமான பதினேழு ஜோடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சினிமா பார்த்தவர் மொரீஷியஸ் தீவின் ரோஸ் பெல்லில் அவர் ஒருவர்தான்.

ஊர் அவரைத் தாந்தீன் என்றது. கிரியோலில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில் அது இருந்திருக்கும். சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் மேடைக்கு நான்தான் குமாஸ்தா. பட்டியல் இருந்த அறை என் அறையிலிருந்து பதினான்கு அடி. ஒரு நாள் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இந்த வயதில் அது ஒரு கவலையாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த நாட்களின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முந்திய காலம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் ஆறு மாதம், சில வீடுகளில் ஒரு வருஷம்கூட ஆகும். அந்த இடைவெளியில் பையனும் பெண்ணும் ஞாயிறு மத்தியானம் ஒரு மணி ஆட்டத்துக்குப் போகலாம். ஆனால் கல்யாணமான பெண் ஒருத்தி கூடப் போய் இருவருக்கும் நடுவில் உட்கார வேண்டும். அம்மாக்களுக்குக் கூச்சம். அக்காக்களுக்குக் கைக்குழந்தை. ஆகவே தாந்தீனைக் கூப்பிடுவார்கள். அவருக்குக் கூலி ஒரு டிக்கெட்டும், பிஸ்தாஸ் என்று நாங்கள் சொல்லும் வேகவைத்த நிலக்கடலையில் இரண்டு பொட்டலமும்.

வார நாட்களில் அவர் கரும்புக் காட்டில் களையெடுப்பார். இடுப்பில் கோணிச்சாக்கு, தலையில் துணி, அதற்கு மேல் வைக்கோல் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை நீலச் சேலை, கழுத்து வரை பவுடர், காலில் இறந்துபோன கணவரின் கறுப்புச் சப்பாத்து. "அவர் கால் சின்னது, என் கால் பெரிசு, கடவுளே அளவெடுத்துச் சேர்த்தாரு" என்பார். பெரிய உடம்பு. ஒருமுறை பந்தயம் கட்டி என் எடைமேடையிலேயே ஏறி நின்றார். என்ன எடை என்பதை எழுத மாட்டேன். சொல்ல மாட்டேன் என்று அன்றே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு குறை இருந்தது. படம் ஓடும்போது தூங்கிவிடுவார். முதல் ஒன்றிரண்டு ஞாயிறு நடுவில் உட்கார்ந்து கண்ணை உருட்டிக்கொண்டிருப்பார். அதற்கப்புறம், "கால் நீட்டணும், நான் ஓரத்துக்குப் போறேன்" என்று நகர்ந்துகொள்வார். பையனும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டாவது பாட்டு வருவதற்குள் குறட்டை. அதனால் அவருக்கு எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாது. திங்கட்கிழமை காட்டில் மற்றப் பெண்கள் கதை கேட்டால் பிற்பாதியை அவரே கட்டிவிடுவார். அவர் கதைகளில் வில்லன் கட்டாயம் கிணற்றில் விழுவான், கதாநாயகி பஸ் ஓட்டக் கற்றுக்கொள்வாள். நிஜப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட இவர் சொன்ன முடிவுதான் நன்றாயிருக்கிறது என்று சொன்னதுண்டு. எனக்குத் தெரிந்து நான்கு பேர்.

அந்தத் தூக்கம் என்ன தூக்கம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தப் பையனை நம்பினாரோ அவன் பக்கத்தில் மட்டும் தாந்தீன் தூங்கினார். பெண்ணின் பெயரைக் காக்க அவரை அனுப்புகிறோம் என்று ஊர் நினைத்தது. அவர் காத்தது பெண்ணின் மணிக்கட்டை.

பையன்களை அவர் பார்த்த விதமே தனி. படம் தொடங்குமுன் பையனைப் பிஸ்தாஸ் வாங்க அனுப்புவார். வாங்கி வந்தால், "அயோ, வேகவெச்சது இல்ல, வறுத்தது கேட்டேன்" என்பார். வறுத்தது வந்தால், "உப்பு இல்லியா?" என்று மறுபடி அனுப்புவார். தையற்காரர் மகன் ஒருவன், மூக்குமேல் கோபம். மூன்றாம் முறை பொட்டலத்தை அவர் மடியில் போட்டான்.

"தாந்தீன், உங்களுக்கும் ரெண்டு கால் இருக்கு. இனி வேணும்னா நீங்களே போய் வாங்குங்க."

பெண்ணின் அம்மா கேட்டிருந்தால் அங்கேயே மயங்கியிருப்பாள். தாந்தீன் விழுந்து விழுந்து சிரித்தார். படத்தில் எழுத்துப் போடும்போதே தூங்கிவிட்டார். பின்னாளில் இதை நான் கேட்டபோது சொன்னார்:

"நான்தான் கோவம் வரவெச்சேன், என்கிட்டயே கோவிச்சுக்கிட்டான். கோவம் வந்த எடத்துலயே எறக்கிட்டுப் போறவன், அதை வீட்டுக்குச் சுமந்துட்டுப் போகமாட்டான், தம்பி."

இன்னொரு கேள்வியும் கேட்பார். சாதாரணப் பேச்சுக்கு நடுவில், கடலையை உரித்துக்கொண்டே. "ஒங்கப்பா ஒங்கம்மாவ எப்படிக் கூப்பிடுவாரு?" ரோஷ் புவாவிலிருந்து வந்த பையன் ஒருவன், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன், "கூப்பிடமாட்டார், தாந்தீன். கையில கெடச்சத எறிவார். நான் இருந்தா நடுவுல போய் நிப்பேன்" என்று சொல்லிக் காதருகே இருந்த தழும்பைத் தடவிக்கொண்டான். அப்படிப்பட்ட வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்று பெண்வீட்டார் தயங்கினார்கள். தாந்தீன் அவன் பக்கத்தில் மூன்று ஞாயிறும் குறட்டை விட்டார். "அப்பன் வேற, இவன் வேற. இவன் மறைக்கலை பாருங்க" என்றார். அந்தப் பையனுக்கு இப்போது ஐந்து பேரப்பிள்ளைகள். போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். மனைவிக்குத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தாந்தீன் தன் புருஷனிடம் அடிபட்டவர், அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை என்று சிலர் சொன்னார்கள். அவர் காதில் விழுந்தபோது அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவரா? கொசுவக்கூட ஊதித்தான் வெரட்டுவாரு! பதினோரு வருஷம் என்னைச் சிரிக்க வெச்ச மனுஷன். எனக்கு நல்லது எப்படியிருக்கும்னு தெரியும், அதனால கெட்டது சட்டுன்னு நெருடுது."

இனி என் தங்கை லெட்சுமி. அவளுக்கு வயது பத்தொன்பது, எனக்கு இருபத்தாறு. அவளுக்கு ரிவியேர் தே ஸாங்கீயில் மாப்பிள்ளை அமைந்தது. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். கழுத்துப்பட்டை, மடித்த கைக்குட்டை, என் அம்மாவைப் பார்த்தால் எழுந்து நிற்பான். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது தட்டு கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் அதுவரை ஏழுக்கு மேல் யாருக்கும் வந்ததில்லை.

முதல் ஞாயிறு தாந்தீன் அவனைப் பிஸ்தாஸுக்கு மூன்று தடவை அனுப்பினார். மூன்று தடவையும் "சரி தாந்தீன், ஒடனே தாந்தீன்" என்று சிரித்த முகத்தோடு போய்வந்தான். மூன்றாம் முறை வந்ததும் லெட்சுமியின் காதில் ஏதோ மெல்லச் சொன்னான். அதற்கப்புறம் அவள் கடலை தின்னவில்லை. அவர் தூங்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு அப்பா அம்மாவைக் கூப்பிடும் கேள்வியைக் கேட்டார். "அப்பா கூப்பிடவே வேண்டியதில்லை, தாந்தீன். அவர் நினைக்கும்போது அம்மா வந்து நிப்பாங்க" என்று பெருமையாகச் சொன்னான். அன்றும் தூங்கவில்லை. மூன்றாம் ஞாயிறும் இல்லை.

திங்கட்கிழமை அவர் காட்டில் புலம்பினாராம்: "முழுப் படமும் பார்த்தா இவ்வளவு அழுகையா? இதுக்குத்தான் காசு குடுத்துப் போறீங்களா?"

எங்கள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மத்த பொண்ணுங்களோட போனா கொறட்டை விடுறா. என் பொண்ணுன்னா கண்ண இமைக்கிறதில்ல. நம்ம குடும்பத்து மேல அவ்வளவு மரியாதை!" என்று குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள். ஊரிலேயே மிகப் பெரிய எச்சரிக்கையை நாங்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டோம்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். நிச்சயமான புதிதில் ஒரு நாள் மாப்பிள்ளை என்னிடம், "அண்ணே, காலம் கெட்டுக் கெடக்கு. லெட்சுமி தையல் வகுப்புக்குப் போறா, வர்றா. எனக்குக் கவலையா இருக்கு. நீங்க எல்லாத்தையும் சரியாக் குறிக்கிறவர்" என்றான். உலகத்தில் என்னைப்போலக் கவலைப்படும் இன்னொருவன் கிடைத்தானே என்று எனக்குச் சந்தோஷம். வாரா வாரம் சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தேன். திங்கள், நாலு பத்துக்குத் திரும்பினாள். செவ்வாய், நாலு இருபத்தைந்து, கடைவாசலில் ரொட்டிக்காரர் மகளோடு பேச்சு. இப்படி ஐந்து தாள். மூன்றாம் தாளுக்குப் பிறகு அவள் ரொட்டிக்காரர் மகளோடு பேசுவதை விட்டாள். ஐந்தாம் தாளுக்குப் பிறகு தையலையே விட்டாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

நான்காம் ஞாயிறு எனக்கு ஆலையில் வேலையில்லை. நானும் போய் அவர்களுக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தாந்தீனிடம், "நீங்க ஓரத்துல உக்காருங்க, கால் நீட்ட வசதி" என்றான். தாந்தீன் ஒரு நொடி யோசித்துவிட்டு ஓரத்துக்குப் போனார்.

படத்தில் ஒரு கோமாளி ஆட்டுக்குட்டியைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு ரயில் ஏறும் காட்சி. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. லெட்சுமிக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு தடவை சிரித்தாள். இரண்டாம் தடவை சிரித்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை எல்லாரும் சிரித்தபோது அவள் சத்தம் மட்டும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். விலகியிருந்த முந்தானைக்கு அடியில் அவன் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டிருந்தான். அவன் கண் திரையில்தான் இருந்தது. முகத்தில் அதே சிரிப்பு.

நான் என்ன செய்தேன்? இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாந்தீன் எழுந்தார். சேலையை உதறினார். இரண்டு அடி நடந்தார். மாப்பிள்ளையின் மடியில் உட்கார்ந்தார்.

"தாந்தீன்! தாந்தீன், நான் இருக்கேன் இங்க!"

"தெரியும் ராசா."

"தாந்தீன், எழுந்திரிங்க!"

"இருட்டுல எழுந்தா விழுந்துடுவேன். வயசாச்சு. வெளக்கு வரட்டும்."

அவன் இரண்டு கையும் எங்கோ அடியில் அகப்பட்டுக்கொண்டன. பின்னாலிருந்து யாரோ, "அம்மா, தலை மறைக்குது!" என்று கத்தினார்கள். "எனக்குத் தெரியுது, நான் சொல்றேன் கேளு" என்று சொல்லிவிட்டுத் தாந்தீன் உரத்த குரலில் கதை சொல்ல ஆரம்பித்தார். ஆட்டுக்குட்டியை ரயிலிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றினார். கப்பலை மொரீஷியஸுக்குக் கொண்டுவந்தார். கொட்டகை திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சிரித்தது. ஒவ்வொரு கடலையாக உரித்து லெட்சுமியின் வாயில் போட்டார். இடைவேளை வர இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. லெட்சுமி அதில் பாதி நேரம் அழுதாள், மீதி நேரம் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா தாந்தீனை வீட்டுக்கு வரவழைத்தாள்.

"மாப்பிள்ளை மடியில போய் உக்காருவியா நீ? முப்பது பேரு பார்த்திருக்காங்க!"

"நாற்பத்தொன்று" என்றேன் நான். அம்மா என்னை முறைத்தாள்.

"தங்கச்சி," என்றார் தாந்தீன் அம்மாவிடம், "நான் ஒங்க பொண்ணோட மூணு படம் முழுசாப் பார்த்தேன். நான் எப்பவாச்சும் முழுசாப் பார்த்ததுண்டா? யோசிச்சுப் பாருங்க." பிறகு தூங்குவதன் காரணத்தைச் சொன்னார். விரலைப் பற்றியும் சொன்னார்.

அம்மாவின் முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "அவனுக்கு அவ மேல உசிரு. வேற யாரும் பார்த்தா தாங்கமாட்டேங்கிறான். ஆசை இருக்கறவனுக்குத்தானே அப்படி வரும்?" அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

தாந்தீன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீதான் எல்லாத்தையும் எண்ணுறவன். நிச்சயத்துக்கு முன்னால ஒன் தங்கச்சி ஒரு நாளைக்கு எத்தனை பேரோட பேசுவா?"

நான் எண்ண முயன்றேன். கடை, குழாயடி, கோவில், தையல் வகுப்பு, பஸ் நிறுத்தம். அது எண்ணி முடிகிற காரியமாக இல்லை.

"எண்ண முடியாது, தாந்தீன்."

"இப்ப?"

"நாங்க மூணு பேர். நீங்க வந்தா நாலு."

நான் அந்த ஐந்து தாள்களைப் பற்றிச் சொன்னேன். விரலை நானும் பார்த்தேன் என்று சொன்னேன். லெட்சுமி முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். விரல் வீங்கியிருந்தது. மெல்ல மோதிரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. எனக்கு வேணாம்."

அம்மா அந்த விரலைத்தான் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து மகளின் கையை எடுத்து அதில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுப்பதென்றால் எங்கள் ஊரில் யாராவது ஒரு கிழவரிடம் துணியில் முடிந்து அனுப்பிவிடுவார்கள். தாந்தீன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நாம என்ன திருடிட்டா வந்தோம்? ஒம்பது வந்துச்சு, ஒம்பது போகும்." அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது தட்டுகளோடு பஸ் ஏறினோம். அப்பா இரண்டு, நான் மூன்று, தாந்தீன் மூன்று. மோதிரத் தட்டை லெட்சுமிதான் சுமந்தாள். பெண் போகக் கூடாது என்று சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "கல்யாணமா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்லப்பா, தப்பிச்சோம், அந்த விசேஷம்" என்றார் தாந்தீன். பஸ்ஸில் ஒரு கிழவர் கைதட்டினார். அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

ரிவியேர் தே ஸாங்கீயில் கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா. மெலிந்த பெண்மணி. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். உள் அறையில் அவன் அப்பா இருமும் சத்தம் கேட்டது. தட்டுகளைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல்.

உடனே அந்த அம்மா உரக்கக் கத்த ஆரம்பித்தார். "வெக்கமா இல்ல ஒங்களுக்கு? எங்க குடும்பம் என்ன, ஒங்க குடும்பம் என்ன? என் பையனுக்குப் பொண்ணு கெடைக்காதா?" கத்திக்கொண்டே ஒவ்வொரு தட்டாக வாங்கிச் சாமான்களைக் கூடத்து மேசையில் எடுத்து வைத்தார். மோதிரத் தட்டை வாங்கும்போது லெட்சுமியின் விரலைப் பார்த்தார். குரல் ஒரு கணம் நின்றது. மறுபடியும் இன்னும் பலமாகக் கத்தினார்.

எங்கள் மக்கள் தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது இருக்க வேண்டும். ஆனால் முறிந்த நிச்சயத்துக்கு அந்த முறை கிடையாது, வெறுந்தட்டுத்தான். அந்த அம்மா, "போங்க, இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க!" என்று கத்தியபடி முற்றத்து மரத்தை எட்டி லிச்சிக் கொத்துகளை ஒடித்து ஒடித்து லெட்சுமியின் தட்டில் குவித்தார். சாமி மாடத்திலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து அதன் மேல் வைத்தார். லிச்சி உருண்டு கீழே விழுந்தது. லெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. கையை எடுத்ததும் இன்னொரு தடவை, "வெக்கங்கெட்டவங்க!" என்று கத்தினார்.

அப்பாவும் நானும் படியிறங்கினோம். தாந்தீன் இறங்கவில்லை. கதவருகே சாய்ந்து, காற்றாடப் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழமை ஒரு மணிக்கு ரோஸ் பெல்ல படம். கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துடுங்க, அக்கா. நான் வாசல்லயே நிப்பேன்."

அந்த அம்மா கதவை மூடிக்கொண்டார்.

ஞாயிறு பன்னிரண்டே முக்காலுக்கு ரிவியேர் தே ஸாங்கீய் பஸ் வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். ஏழாவதாக, பட்டுச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறும் கையில் தேங்காய்க் கூடையுமாக, அந்த அம்மா இறங்கினார்.